டாஸ் போட ஆள் உண்டு... அடிபட்டால் பார்க்க ஆள் உண்டா?

நங்கநல்லூர் ஞாயிற்றுக்கிழமை மாட்சுகளுக்கு ஒரு கேள்வி!

நங்கநல்லூர் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும். காலி இடமெல்லாம் கிரவுண்டுதான்!

காலை ஆறரை மணிக்கே ஸ்டம்பு நட்டாகிவிடும். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து போகும் சத்தத்தோடு டென்னிஸ் பந்து பேட்டில் படும் சத்தமும் சேர்ந்து கேட்கும். ஒரு மூலையில் வாலிபால். இன்னொரு மூலையில் பொடிப் பசங்களின் கால்பந்து. வாரம் ஆறு நாள் ஆபீசிலும் கடையிலும் உட்கார்ந்தே கிடந்த உடம்பு ஏழாவது நாள் ஓடுகிறது. நல்ல விஷயம்தான்.

டோர்னமெண்ட் என்றால் இன்னும் ஜோர்! அம்பயருக்கு ஆள் உண்டு. ஸ்கோர் எழுத ஆள் உண்டு. மைக்கில் வர்ணனை சொல்ல ஆள் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக்கூட ஒருத்தர் பொறுப்பு.

சரி, யாராவது தடால் என்று விழுந்துவிட்டால்?

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஸார்!"

பதில் ரெடியாக இருக்கும். முதல் உதவிப் பெட்டி என்று ஒன்று இருந்தால், அதற்குள் காய்ந்துபோன பிளாஸ்திரி நாலும், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தைலம் கொஞ்சமும் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஆகாது, ஆகாது என்று இருந்து, ஒரு நாள் ஆகிவிடுகிறது. அன்றைக்கு அந்த முதல் ஐந்து நிமிஷம் யார் கையில்? டாக்டர் கையில் இல்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் கையிலும் இல்லை. கிரவுண்டில் நிற்கிற நம் கையில்!

சோடா, சாவி, டூவீலர்!

சாதாரணமாக என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரன் எடுக்க ஓடிய நாற்பது வயதுக்காரர் பாதி பிட்ச்சில் குப்புற விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் சூழ்ந்துகொள்வார்கள். "தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்!" என்று கத்துகிறவரே குனிந்து காற்றை மறைத்துக்கொண்டு நிற்பார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார். ஒருவர் வாயில் சோடா ஊற்றுவார். கை கால் லேசாக வெட்டினால் போச்சு! "வலிப்புடா, சாவிக்கொத்து குடு!" என்று ஒரு குரல். இரும்பைக் கையில் திணிப்பார்கள்.

அதற்குள் மூன்று நிமிஷம் போயிருக்கும். கடைசியில் டூவீலரில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் கட்டிப் பிடித்துக்கொள்ள, தலை தொங்கத் தொங்க வண்டி பறக்கும்.

எல்லோரும் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் இதில் ஒன்றுகூட அவரைக் காப்பாற்றாது!

இதயம் திடீரென நின்றுபோனால், முதல் சில வினாடிகள் கை கால் வெட்டி இழுப்பது உண்டு. பார்ப்பதற்கு வலிப்பு மாதிரியே இருக்கும். 'கொர்... கொர்...' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வரும். "மூச்சு இருக்குடா" என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அது மூச்சு அல்ல! உடனே நெஞ்சை அழுத்த வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம்.

சாவிக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி கிடையாது. நினைவு இல்லாதவர் வாயில் ஊற்றும் சோடா மூச்சுக் குழாயை அடைக்கும். ஓடுகிற டூவீலரில் நெஞ்சை அழுத்தவும் முடியாது.

இதயம் நின்றபின், நெஞ்சை அழுத்தாமலும் மின் அதிர்ச்சி கொடுக்காமலும் கழிகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று மருத்துவக் கணக்கு சொல்கிறது. பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மிச்சம் எவ்வளவு? கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உலகமே பார்த்தது

"அப்படி விழுந்தவன் பொழைச்சிருக்கானா?" என்று கேட்கலாம். பிழைத்திருக்கிறார். உலகமே டி.வி.யில் பார்த்தது.

2021 ஜூன் 12. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன். ஐரோப்பியக் கோப்பை கால்பந்தில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடியப் போகும் நேரம். டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் இடிக்காமலேயே சுருண்டு விழுந்தார். வயது 29. இதயம் நின்றுவிட்டது.

நடுவர் தாமதிக்காமல் டாக்டர்களை உள்ளே அழைத்தார். கேப்டன் சைமன் கியர் ஓடி வந்து எரிக்சனைக் கவனித்தார். மற்ற வீரர்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி வளையமாக நின்று, கூட்டத்தின் கண்ணிலும் கேமராவிலும் படாமல் அவரை மறைத்தார்கள். உள்ளே டாக்டர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். கருவி மூலம் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். கிரவுண்டிலேயே எரிக்சனுக்கு நினைவு திரும்பியது!

பிறகு அவர் நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் மறுபடி கால்பந்து ஆட இறங்கிவிட்டார்.

"அங்கே டாக்டர் இருந்தாங்க, மெஷின் இருந்துது. நம்ம கிரவுண்டுல என்ன இருக்கு?" - நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே யாரும் ஒரே வேலைக்கு முட்டி மோதவில்லை. ஆளுக்கு ஒரு வேலை. அதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம். நங்கநல்லூரிலும் செய்யலாம்.

மூன்று பேர் போதும்!

டாஸ் போடுவதற்கு முன்னால் மூன்று பேரைப் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் பேட்டிங் போனால், வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் ஆள், விழுந்தவர் பக்கம். தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, மூச்சும் சரியில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். முதல் உதவிப் பெட்டி இவர் பொறுப்பு.

இரண்டாவது ஆள், போன். 108-ஐக் கூப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஆரம்பித்த சேவை இது, காசு கிடையாது. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, அவர்களாக வைக்கும் வரை கட் பண்ணக் கூடாது.

அவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, "எந்த இடம்?" இங்கேதான் நம்மவர்கள் திணறுகிறார்கள்!

"நங்கநல்லூர்... கோயில் பக்கத்துல கிரவுண்டு..." எந்தக் கோயில்? 32 அடி ஆஞ்சநேயர் கோயிலா, ராஜராஜேஸ்வரி கோயிலா, அர்த்தநாரீஸ்வரர் கோயிலா? தடுக்கி விழுந்தால் கோயில் உள்ள ஊர் இது. தெருக்களில் பாதிக்கு எண்தான் பெயர். அவசரத்தில் முப்பத்தாறு என்பது நாற்பத்தாறு ஆகிவிடும். கிரவுண்டுக்குக் கதவு எண்ணும் கிடையாது. ஆகவே மாட்சுக்கு முன்பே தெரு, மெயின் ரோடு, பக்கத்துக் கடை அல்லது பள்ளிக்கூடம், எந்தப் பக்க வாசல் என்று ஒரு அட்டையில் எழுதி ஸ்கோர் புத்தகத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். போனில் அதைப் படித்தால் போதும்.

மூன்றாவது ஆள், வாசல். எந்தக் கிரவுண்டிலும் வாசலை மறித்துத்தான் பைக்குகள் நிற்கும். ஆம்புலன்ஸ் நுழைய வழி விட்டு வைப்பது இவர் வேலை. யாராவது விழுந்தால் இவர் வேடிக்கை பார்க்க உள்ளே ஓடக் கூடாது. தெருமுனைக்கு ஓட வேண்டும்! கையைக் காட்டி வண்டியை அழைத்து வர வேண்டும்.

மழைக் காலத்தில் இவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து நங்கநல்லூருக்குள் வர ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். பலத்த மழை பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையிலும் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நின்றுவிடும் என்பது ஊரறிந்த விஷயம். எந்த வழி திறந்திருக்கிறது என்று காலையிலேயே பார்த்து வைத்தால், போன் ஆள் அதையும் சொல்லிவிடலாம்.

அழுத்துவது எப்படி?

விழுந்தவரைச் சமதரையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். மார்பின் நடுவே ஒரு உள்ளங்கை, அதன்மேல் இன்னொரு கை. முழங்கையை மடக்காமல், உடம்பு பாரம் இறங்கும்படி இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்தி விடவேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. அதாவது வினாடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு தடவையும் மார்பு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும்.

இரண்டே நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். அப்போது அடுத்தவர் மாற வேண்டும். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ளும் வரை, அல்லது அவர் அசைந்து மூச்சு விடும் வரை நிறுத்தக் கூடாது. வாயோடு வாய் வைத்து ஊதப் பயிற்சி இல்லாதவர்கள், பெரியவர்களுக்கு நெஞ்சை அழுத்தினாலே போதும்.

"எலும்பு உடைஞ்சிட்டா?" உடையலாம். எலும்பு கூடும். போன உயிர் கூடாது.

நினைவில்லை, ஆனால் மூச்சு ஒழுங்காக வருகிறது என்றால் அழுத்த வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள்.

மூன்றே மூன்று பந்துகள்...

விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை! இந்தியாவுக்காக ஆடிய ராமன் லம்பாவின் கதையைக் கேளுங்கள்.

1998 பிப்ரவரி 20. வங்காளதேசத்தில் டாக்கா கிளப் மாட்ச். லம்பா, பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் பீல்டிங் நிற்கப் போனார். ஓவரில் பாக்கி மூன்றே பந்துகள்தான் என்று ஹெல்மெட்டை வேண்டாமென்றுவிட்டார். பேட்ஸ்மேன் அடித்த பந்து அவர் நெற்றியில் மோதியது. மோதிய வேகத்தில் விக்கெட் கீப்பர் வரை பறந்து போய்க் கேட்ச் ஆனது!

லம்பா எழுந்தார். நடந்தே பெவிலியனுக்குப் போனார். பார்த்தவர்கள் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உடல்நிலை மோசமாகி நினைவு தப்பியது. மூளைக்குள் ரத்தக் கசிவு. ஆபரேஷன் செய்தும் பலன் இல்லை. பிப்ரவரி 23-ந் தேதி இறந்தார். வயது 38.

தலைக்குள் ரத்தம் கசிந்தால் சிலருக்கு உடனே தெரியாது. நன்றாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள். பிறகு சாய்வார்கள். ஆகவே தலையில் அடிபட்டவர் "நான் ஓகே மச்சி" என்றாலும் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. சர்வதேச கிரிக்கெட்டிலேயே 2019 ஆகஸ்டு முதல், தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி கண்டவருக்குப் பதிலாக இன்னொருவர் முழு ஆட்டமும் ஆட விதி வந்துவிட்டது. தெரு மாட்சுக்கும் அந்த விதியை எடுத்துக்கொண்டால் என்ன? கேப்டன்கள் இருவரும் ஒத்துக்கொண்டால் முடிந்தது.

வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், தூக்கக் கலக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் அல்லது ரத்தம் - இதில் எது வந்தாலும் நேராக ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிதான். எதுவும் வராவிட்டாலும் அடுத்த 24 மணி நேரம் அவர் தனியாக இருக்கக் கூடாது. "அம்மாகிட்ட சொல்லிடாதடா, திட்டுவாங்க" என்பதுதான் பசங்க வழக்கம். அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி கூட இருந்து கவனிக்கப் போவது அவர்தானே!

கை கால் பிடித்துத் தூக்காதே!

கிரிக்கெட்டை விட உடம்பும் உடம்பும் மோதும் ஆட்டம் கபடி. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி. பாடிப் போன 22 வயது வாலிபர், பிடிபட்டு விழுந்த இடத்திலேயே மயங்கினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது உயிர் இல்லை. செல்போனில் எடுத்த படம் தமிழ்நாடு முழுக்கப் பரவி, பார்த்தவர்கள் நெஞ்சு பதறியது.

அதற்காகக் கபடியை விட்டுவிட முடியாது. விழுந்தவரைத் தூக்கும் முறையை மாற்றலாம். கழுத்து வலி, கை கால் மரத்துப் போனது, அசைக்க முடியவில்லை என்றால் கழுத்தெலும்பிலோ முதுகெலும்பிலோ அடி இருக்கலாம். அப்போது ஆளுக்கு ஒரு கை, ஒரு கால் என்று பிடித்து மூட்டை மாதிரி தூக்கினால் ஆயுசுக்கும் படுக்கைதான். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் இரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் வரும் வரை அப்படியே விடுங்கள். மூச்சு நின்றிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போது முதலில் நெஞ்சுதான்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

சுத்தமான துணிக் கட்டு, பஞ்சு, பிளாஸ்திரி, அகலமான இழுவைக் கட்டு, கத்தரிக்கோல், கையுறை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஒரு டப்பாவில் ஐஸ். பெரிய செலவு இல்லை.

ரத்தம் வழிந்தால் காபிப் பொடி, மஞ்சள் பொடி வேண்டாம். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள்.

கணுக்கால் பிசகினால் சுளுக்கு எடுக்க உட்காராதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 - 20 நிமிஷம் வையுங்கள். காலை ஊன்றவே முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பந்து பட்டுப் பல் விழுந்துவிட்டதா? தூக்கி எறியாதீர்கள்! வேர்ப் பக்கம் கை படாமல் எடுத்து, பாக்கெட் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடினால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல்லுக்கு இது பொருந்தாது.

சித்திரை வெயிலில் பகல் பூரா மாட்ச் நடத்துகிறீர்களா? உடம்பு நெருப்பாகக் கொதித்து, ஆள் உளற ஆரம்பித்தால் அது வெறும் மயக்கம் இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேஸ் ஆகிடுமோ?

"தொட்டா போலீஸ் கேஸ் ஆகிடும் ஸார்" என்ற பயம் இன்னமும் இருக்கிறது. அவசர நிலையில் வருகிறவரின் உயிரைக் காப்பதுதான் டாக்டரின் முதல் கடமை, அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் போலீஸ் நடைமுறையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே தைரியமாகக் கொண்டு போகலாம். எந்த ஆஸ்பத்திரி 24 மணி நேரமும் திறந்திருக்கிறது, எங்கே ஸ்கேன் இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

படித்தால் மட்டும் கை பழகாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்சும் முதல் உதவிப் பயிற்சி தருகின்றன. செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளை எழும்பூரில்தான் இருக்கிறது. பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் எழும்பூர் ஒன்றும் தூரம் இல்லை. டீமுக்கு இரண்டு பேர் கற்றுக்கொண்டு வந்து, பொம்மையோ தலையணையோ வைத்து மற்றவர்களுக்குக் காட்டலாம். கிரவுண்டு ஓரத்து டீக்கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு தோழர்கள் இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா மாட்சுக்கும் இருக்கிறவர்கள் அவர்கள்தானே!

கோப்பைக்கு நன்கொடை தரும் கடை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கோப்பையை ஒரு அங்குலம் குறைத்து, அந்தக் காசில் ஒரு முதல் உதவிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள். பெட்டி மேல் கடைப் பெயரைப் பெரிதாகவே எழுதிக்கொள்ளலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காசைச் சுண்டுவதற்கு முன்னால் இரண்டு கேப்டன்களும் பத்து வினாடி நில்லுங்கள். தலையா பூவா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது இது:-

"இன்னிக்கு யாராவது விழுந்தா, யார் அழுத்துறது? யார் போன் பண்றது? யார் வாசலுக்கு ஓடுறது?"

மூன்று பேர் கை தூக்கட்டும். அப்புறம் டாஸ்!